பெயருக்கு முந்தைய கால் நொடி

பல்கலைக்கழக விடுதி, திருநெல்வேலி
11 ஜூன் 2024

மதினி,

இல்லை, என் ஆய்வில் உங்களுக்குத் "தவறு" என்று போட்டது நான் இல்லை. கணினி போட்டது. கறுப்பு எழுத்தில் ஒரு சொல் வந்தால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சிவப்பில் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சில சொற்கள் கறுப்பில் வந்தும் நீங்கள் படிக்கவில்லை. ஏன் என்று கேட்க அதற்குத் தெரியாது. தவறு என்று எழுத மட்டும் தெரியும். அப்படி எழுத அதற்குச் சொல்லிக்கொடுத்தது நீதானே என்று கேட்டால், ஆமாம், நான்தான்.

போன வருடம் நீங்கள் வந்து உட்கார்ந்த அந்த அரை நாளை நான் மறந்தே போயிருந்தேன். அப்போது நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். எனக்கு ஆய்வுக்கு ஆள் கிடைக்கவில்லை. "நான் வாரேன், தலையில என்னத்தையும் ஒட்டிக்கோ" என்று வந்தீர்கள்.

உங்கள் கடிதத்தை எங்கள் துறை உதவியாளர் இசக்கிதுரை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். "கையால எழுதின லெட்டரா இருக்கு. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காகளா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன்.

வாட்ஸப்பில் எழுதினால் அதைப் படம் பிடித்து வழக்கில் வைப்பார்கள் என்று உங்கள் வக்கீல் சொன்னது சரிதான். போனும் வேண்டாம். வீட்டுக்குப் போனால் அம்மா என் போனை எடுத்து யார் யார் பேசினார்கள் என்று பார்க்கிறாள். காகிதம் போதும்.

குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் முன்னால் நடந்ததை அம்மா சொல்லித்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். நீங்கள் என் அண்ணனின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் விவாகரத்துக்குச் சம்மதம் என்று அவன் கையெழுத்துப் போடுகிறானாம். நீங்கள் சொல்கிறேன் என்றீர்களாம். சொல்லவில்லையாம். "பேரு வாயில வராது, அவ எங்கயும் போகமாட்டா" என்றாள் அம்மா.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். "என்னை நிறுத்தியது எது." "அதைக் கழற்ற முடியுமா."

முதலாவதுக்குப் பாதி பதில் என்னிடம் இருக்கலாம். இரண்டாவது தெரியாது. நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது. நான் அவன் தங்கை. இதற்கெல்லாம் உங்களுக்கு ஏன் பதில் எழுதுகிறேன். அதுவும் தெரியாது.

கலை


விக்கிரமசிங்கபுரம்
17 ஜூன் 2024

கலை,

உன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். நான் சொல்கிறேன்.

ஆலோசகர் நல்ல மனுஷன். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். சேர்ந்து வாழ விருப்பமா என்று கேட்டார். இல்லை என்றேன். உன் அண்ணனைக் கேட்டார்.

"இவ சும்மா சொல்லுதா சார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எம் பேர ஒரு தடவ சொன்னது கெடையாது. எந் தங்கச்சி ஒரு மிஷின் வச்சிருக்கா. அதுல படிக்கச் சொன்னதுக்கே படிக்கல. இவளே வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சா. மனசு விட்டுப்போனவ எதுக்கு சார் பேர மறைக்கணும்? இப்பச் சொல்லட்டும். ஒரே ஒரு தடவ. எங்கன போடணும்னு காட்டுங்க, கையெழுத்துப் போடுதேன்."

"இது என்னங்க பந்தயம்" என்றார் ஆலோசகர்.

"இருக்கட்டும் சார். சொல்லுதேன்" என்றேன் நான்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பயம் இல்லை. தொண்டை அடைக்கவில்லை. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். மூடிய கதவு என்றால் தள்ளலாம். அங்கே கதவே இல்லை. சொல் இருந்த இடத்தில் சொல் இல்லை. மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"பாத்தீயளா சார். மருவாதி இருக்கு. வந்துருவா" என்றார்.

அடுத்து ஆகஸ்ட் மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சம்மதித்தால் சில மாதத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று யோசித்திருக்கிறேன். தூத்துக்குடிக்கு வீடு மாறப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது, வாசலில் லாரி வந்து நின்ற பிறகு. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "அத எறக்கி வையி, பாத்திரத்த ஏத்தணும்" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. லாரிக்காரருக்கு முதல் நாளே தெரியும். வீட்டுச் சொந்தக்காரருக்கு முந்தின மாதமே தெரியும். பத்து வருடமாக எல்லாமே அப்படி. அன்று குழம்பை இறக்கி வைத்துவிட்டு என் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பிறந்த ஊருக்கு அம்பை பஸ் ஏறினேன்.

இப்போது இ-சேவைக் கடை வைத்திருக்கிறேன், மில் கேட்டுக்கு எதிரே. நாள் முழுக்க வருகிற பெண்களிடம் நான் கேட்பது, "வீட்டுக்காரர் பேரு?" ஒருத்தி கார்டை நீட்டுவாள். ஒருத்தி பிள்ளையைத் தட்டி, "ஏலே, ஒங்கப்பா பேரச் சொல்லு" என்பாள். நேற்று வந்தவள் சுவரில் தொங்குகிற காலண்டரைக் காட்டினாள். ஐயப்பன் படம். நானும் ஐயப்பன் என்று டைப் செய்தேன். எனக்குப் பிள்ளையும் இல்லை, இன்னார் அப்பா என்று சொல்ல. பத்து வருடம் "இங்க பாருங்க"தான்.

மரியாதை எப்போதோ போய்விட்டது, கலை. அது போன பிறகும் இது ஏன் நிற்கிறது? எனக்கு அதுதான் புரியவில்லை. கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

முத்துராணி


பல்கலைக்கழக விடுதி
26 ஜூன் 2024

மதினி,

உங்கள் பழைய பதிவைத் திறந்தேன்.

நெற்றிக்கு மேலே, வகிடு தொடங்கும் இடத்தில், மூளையின் மின் அலையைப் பிடிக்கும் ஒரு வில்லை ஒட்டியிருந்தேன். அது தந்த கோடு. சிவப்புச் சொல் வந்தால் எல்லோருக்கும் அந்தக் கோடு கால் நொடியில் ஒரு பள்ளத்தில் இறங்கும். பிறகு ஒரு மேடு. சொல்ல வந்ததை அடக்கும்போது வருவது அது. கறுப்புச் சொல்லுக்கு அநேகமாக வராது. பேசும்போது தாடை அசைந்து கோட்டைக் கெடுத்துவிடும். ஆனால் நான் பார்ப்பது பேச்சுக்கு முந்தைய அந்தக் கால் நொடியை மட்டும்.

பெயர்ப் பட்டியலை எனக்குத் தெரிந்தவர்களை வைத்துத்தான் எழுதியிருந்தேன். செந்தில், முருகன், அண்ணன் பெயரான செந்தில்முருகன், மூன்றும் இருந்தன. மூன்றும் கறுப்பில். உங்கள் கோடு மூன்றிலும் இறங்கியிருக்கிறது. நான் கொடுத்த சிவப்புக்கு இறங்கியதைவிட ஆழமாக.

என் விதிக்கு உழைத்ததைவிட உங்கள் விதிக்கு அதிகம் உழைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. பட்டியலில் பெயர் அல்லாத சொற்களும் உண்டு. தேங்காய், சன்னல், முருங்கைக்காய். முருங்கைக்காயை ஒழுங்காகப் படித்துவிட்டீர்கள். ஆனால் அதற்கு முன் கோடு இலேசாக இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்திருக்கிறது. "முரு" வரை கண் போனதும் பிரேக்கில் கால் வைத்திருக்கிறீர்கள். காய் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டீர்கள். ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தேன். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மற்றப் பெண்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். பத்தமடையிலிருந்து வந்த ஒரு அம்மா பட்டியல் முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு பெயரில் மட்டும் நின்றிருக்கிறார். சீவலப்பேரிக்காரர் ஒருவர் இரண்டு பெயரில். கணவர், மாமனார். மணமான பெண்கள் அதிகம் தவறு செய்கிறார்கள் என்று போன டிசம்பரில் ஒரு கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். கவனக் குறைவு என்று காரணம் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நம் பக்கத்துக்காரர்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள். ஒருவர்கூட மறுக்கவில்லை. கைதட்டினார்கள்.

கட்டுப்பாடு குறைவு என்று நான் எழுதி வைத்திருப்பது, பார்த்ததிலேயே பெரிய கட்டுப்பாடு.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பள்ளம் என்ன என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை. ஒரு கூட்டம் அது பிரேக் என்கிறது. இன்னொரு கூட்டம், பிரேக் இல்லை, மோதல் என்கிறது. செய் என்பதும் வேண்டாம் என்பதும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து இடித்துக்கொள்வது. இரண்டாவது கூட்டம் சொல்வது சரியென்றால், சொல்ல ஆசையே இல்லாத இடத்தில் பள்ளம் வரக் கூடாது.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் பெயரைச் சொல்ல ஆசைப்பட்டீர்களா, மதினி?

ஒருமுறை வாருங்கள். பார்க்கலாம். தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல். பூ வேண்டாம். சீப்பும் துண்டும் நான் வைத்திருக்கிறேன்.

கலை


விக்கிரமசிங்கபுரம்
4 ஜூலை 2024

கலை,

உன் கடிதத்தில் பாதி எனக்கு, பாதி உன் ஆராய்ச்சிக்கு. எது எது என்று பிரிக்கத் தெரியாமல் முழுவதையும் வாசித்தேன்.

நான் சோறு போட்டு நீ சாப்பிட்டிருக்கிறாய். உன் பரீட்சைக்கு நான் கண்விழித்துக் காப்பி போட்டிருக்கிறேன். இப்போது நான் உனக்கு ஒரு கோடு. அது பள்ளத்தில் இறங்கினால் நீ சந்தோஷப்படுகிறாய். சந்தோஷப்படு. ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ நினைக்கிறாயா, வேண்டாம் என்று நினைக்கிறாயா? அதற்கு எந்தக் கூட்டத்தைக் கேட்பாய்?

ஆசைப்பட்டீர்களா என்று கேட்டிருக்கிறாய். இதைக் கேட்க உனக்கு இரண்டு நாள் ஆனது. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் போதவில்லை.

வீட்டில் யாரும் இல்லாதபோது முயற்சி செய்து பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்து. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள். ஆற்றில் குளிக்கும்போது தண்ணீருக்குள் முங்கி. தண்ணீருக்குள் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வெறும் குமிழிதான் வந்தது. பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த சந்தனமாரி அக்கா, "என்ன ஏளா, மீனுகிட்டப் பேசுதியா?" என்றாள்.

எங்கள் தெருவில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அதன் பெயர்ப் பலகையில் உன் அண்ணன் பெயர்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் வழி கேட்பவர்களுக்கு, "அந்தா, அந்தச் சைக்கிள் கடை" என்றுதான் சொல்லி வருகிறேன். அது வேறு ஒருவர் கடை. அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போன சனிக்கிழமை வேண்டுமென்றே ஒருவருக்கு வழி சொல்லிப் பார்த்தேன். "அந்தா, அந்தச் சைக்கிள் கடை" என்றது வாய்.

ஆசையா என்று தெரியவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று வாசல் வரை வருகிறது. அது மட்டும் உண்மை. அதை நீயும் பார்த்திருக்கிறாய் என்பது ஒருவிதத்தில் ஆறுதலாக இருக்கிறது. பைத்தியம் இல்லை என்று.

இருபதாம் தேதி கடைக்கு லீவு விடுகிறேன். காலை பஸ்ஸில் வருகிறேன். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் உனக்குத்தான் கஷ்டம். யோசித்துக்கொள்.

முத்துராணி


பல்கலைக்கழக விடுதி
24 ஜூலை 2024

மதினி,

வில்லை ஒட்டத் தலையில் தடவிய பேஸ்ட் போய்விட்டதா? காதுக்குப் பின்னால் கொஞ்சம் இருந்தது. பஸ் வந்துவிட்டது, சொல்ல முடியவில்லை.

நீங்கள் உள்ளே இருந்தபோது வெளியே நான் பார்த்ததை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத பக்கம்.

முதல் சுற்று முழுவதும் அண்ணன் பெயர் வந்தபோதெல்லாம் மௌனம். கோட்டில் பள்ளம். இரண்டாவது சுற்றும் அப்படியே. நிறுத்திவிடலாமா என்று மைக்கில் கேட்டேன். "பேசாத. போடு" என்றீர்கள். மூன்றாவது சுற்றில், தேங்காய்க்கும் சன்னலுக்கும் நடுவில், பைய ஒரு குரல். உங்கள் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. திரும்பவும் வந்தது. அதன்பின் ஒவ்வொரு தடவையும்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. என் அண்ணன் பெயர். நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற பெயர். உங்கள் வாயிலிருந்து கேட்பது, அடுத்தவர் வீட்டுச் சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

நான் எதிர்பார்த்தது இது: நீங்கள் சொல்லத் தொடங்கிய பிறகு பள்ளம் மறைந்துவிடும். பிரேக்கை எடுத்தால்தானே வண்டி ஓடும்.

மறையவில்லை. சொல்லாத தடவைகளில் எவ்வளவு ஆழமோ, ஏறக்குறைய அவ்வளவு ஆழம் சொன்ன தடவைகளிலும். பள்ளம் வந்தது. சொல்லும் வந்தது. ஒன்று இன்னொன்றைத் தடுக்கவில்லை.

ஒருவரின் ஒரு நாள் பதிவை வைத்து எதையும் முடிவு சொல்லக் கூடாது. என் ஆய்வு நெறியாளர் அப்பாத்துரை சாரிடம் காட்டினேன். சொந்தக்காரர் பதிவை ஆய்வில் சேர்க்க முடியாது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆக, இது ஆய்வு இல்லை. பிறகு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் எனக்குக் கிடைத்தது. அதைக் கழற்ற முடியுமா என்று கேட்டீர்கள். கழற்ற வேண்டாம் போலிருக்கிறது.

எந்தக் கூட்டத்தைக் கேட்பாய் என்றீர்கள். அவன் கையெழுத்துப் போட வேண்டும். போடக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. என் தலையில் வில்லை ஒட்டினால் நல்ல பள்ளம் கிடைக்கும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் போன மறுநாள் அண்ணன் வந்தான். நீங்கள் இங்கே வந்ததை யாரோ பஸ்ஸில் பார்த்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போடத்தான் வந்தான் என்று நினைத்தேன். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இதுலயா உக்காந்தா?" என்றான். பிறகு, "எனக்கும் போட்டுப் பாரு. என்ன வருதுன்னு பாப்பம்" என்றான்.

போட்டேன். பட்டியலில் முத்துராணி என்ற சொல்லையும் சேர்த்தேன்.

கலை


விக்கிரமசிங்கபுரம்
30 ஜூலை 2024

கலை,

பேஸ்ட் போக இரண்டு தடவை சீயக்காய் தேய்க்க வேண்டியிருந்தது.

உள்ளே இருந்த பக்கத்தை நான் சொல்கிறேன். உன் அறை குளிர்ச்சி. சத்தமே இல்லை. திரையில் சொல் வரும்போது அதற்குப் பின்னால் யாரும் இல்லை, பார். தேங்காய் எப்படியோ அப்படி அவரும். முதல் தடவை சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை விழவில்லை. அடுத்தது சன்னல் என்று வந்தது, சன்னல் என்றேன். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதற்கா இத்தனை வருடம்.

ஆனால் யாரும் இல்லாத இடத்தில் சொன்னது சொன்னதாகுமா? பெயர் என்பது கூப்பிடுவதற்கு. கூப்பிட்டால் ஒருவர் திரும்ப வேண்டும். கோர்ட்டில் அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். காதில் தோடு மாதிரி இருக்கிற அந்த மச்சத்தோடு. அங்கே சொல்ல வேண்டும்.

கழற்ற வேண்டாம் என்று நீ எழுதிய வரியை நான்கைந்து தடவை வாசித்தேன். அது வந்து நிற்கும், நாம் சொல்லிவிடலாம் என்கிறாய். பார்ப்போம்.

இப்போது நான் கேட்பதைக் கேட்கக் கூடாது. தெரியும். என் பெயர் வந்தபோது உன் அண்ணனின் கோடு என்ன செய்தது?

அவருக்கு என் பெயரைச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஊரே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஆனால் பத்து வருடத்தில் அவர் கூப்பிட்டதாக நினைவில்லை. "ஏட்டி"தான். அதனால்தான் கேட்கிறேன். அவருக்குள்ளேயும் ஏதாவது வாசல் வரை வந்து நிற்கிறதா?

முத்துராணி


பல்கலைக்கழக விடுதி
6 ஆகஸ்ட் 2024

மதினி,

சொல்ல முடியாது. அவன் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் பதிவு அவனுக்கு மட்டும். உங்களுடையதை அவன் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். ஆமாம், கேட்டான். "அவ சொன்னாளா, அத மட்டும் சொல்லு" என்றான். சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

பொதுவாக ஒன்று எழுதலாம். ஒரு சொல்லுக்குக் கோடு சமமாகப் போனால் அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. அந்தச் சொல்லுக்கு எதிராக விதி எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். அன்பு இல்லை என்று ஆகாது. பழக்கமான சொற்களுக்கு அப்படித்தான் போகும். பெற்ற தாயின் பெயருக்குக்கூடச் சமமாகப் போகலாம். நாங்கள் அளப்பது தடையை, தடைக்குப் பின்னால் இருப்பதை அல்ல. இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். தபால் பெட்டி திறக்கும் நேரம் ஆகிவிட்டது.

அம்மா பேசுவதில்லை. சனி ஞாயிறுகூட விடுதியிலேயே இருக்கிறேன். கருத்தரங்கில் காட்டிய படத்தைத் திருத்தி, அந்தப் பெண்களின் தவறுகளைத் தனி அத்தியாயமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று தெரியவில்லை. தவறு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது.

இருபதாம் தேதி அமர்வு என்று அண்ணன் சொன்னான். வெளியே வந்து நிற்கட்டுமா? யார் பக்கம் நிற்பேன் என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

கலை


விக்கிரமசிங்கபுரம்
21 ஆகஸ்ட் 2024

கலை,

வர வேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதுவதற்குள் தேதி வந்துவிட்டது. நீயும் வரவில்லை. நல்லது.

சமமான கோட்டைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தாய். நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நீ விதியை மீறவில்லை, வருத்தப்படாதே. உனக்குச் சொல்லாமல் இருக்க வரவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் சேரன்மகாதேவி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். வலித்தது. பிறகு யோசித்தேன், சன்னலுக்கும் தேங்காய்க்கும் யாரும் கெடுதல் நினைப்பதில்லை. நினைப்பதே இல்லை. அவரும் எனக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை.

அதே அறை, அதே ஆலோசகர். நாங்கள் உட்காருவதற்குள் உன் அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன, இன்னைக்காவது சொல்லுவியா? மிஷின்ல போயிப் படிச்சிட்டு வந்திருக்காளாம் சார்."

"எம் பேர நீங்க சொல்லுங்க, மொதல்ல" என்றேன்.

"இது என்ன பெரிய காரியம். முத்துராணி. போதுமா?"

ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆலோசகர்கூட இலேசாகச் சிரித்தார். "இப்ப ஒம் மொற" என்றார் உன் அண்ணன். சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

வாயைத் திறந்தேன். வந்தது, கலை. நீ சொல்கிற பள்ளம். போன தடவை மாதிரியே சொல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. போன தடவை அங்கேயே திரும்பிவிட்டேன், முடிந்தது என்று. இந்தத் தடவை நின்றேன். எதிர்த்துத் தள்ளவில்லை. அது வந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். கால் நொடி என்கிறாய். எனக்கு அது ஒரு பஸ் கடந்து போகிற நேரமாக இருந்தது. கடந்தது.

செந்தில்முருகன் என்றேன்.

சத்தமாகக்கூட இல்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னேன், கூப்பிடுகிற மாதிரி.

அவர் திரும்பினார். எதிரேதான் உட்கார்ந்திருந்தார், திரும்ப என்ன இருக்கிறது. ஆனாலும் திரும்பினார். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்துவிட்டது. காது இரண்டும் சிவந்துபோய் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஆலோசகர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "உங்க விருப்பம்தான். யாரும் கட்டாயப்படுத்தல" என்றார். உன் அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றினார். எழுதவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

பந்தயக் குரல் இல்லை அது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பைய. பத்து வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கிறது என்றே தெரியாது. அதற்கு உன் மிஷினில் கோடு எப்படிப் போயிருக்கும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது, உன்னோடு சேர்ந்து கெட்டுப்போய்விட்டேன்.

எனக்குச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தடை எதுவும் இல்லை. பள்ளம் இல்லை. சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். என் பக்கம் தாள் வந்தது, நானும் போட்டேன்.

வெளியே வந்து ஒரு டம்ளர் கரும்புச்சாறு குடித்தேன். அம்பை பஸ் கூட்டமாக வந்தது. அதை விட்டுவிட்டு, அடுத்ததில் சன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன்.

முத்துராணி